ரியாக்‌ஷன் லைட் பலகை வாங்கினா பசங்க பேட்டிங் தேறுமா?

மேட்டிங்_வாத்தியார்:

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியாரா இருக்கேன். எங்க பசங்க எங்க மைதானத்துல ஆடுறதப் பாத்தா இவனுங்களை யாரும் அவுட் ஆக்க முடியாதுன்னு தோணும். கீழே மேட்டுப்பாளையமோ கோவையோ மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போனா பத்து ஓவருக்குள்ள பாதி டீம் உள்ளே வந்து உக்காந்திருக்கும். "பந்தைப் பாருடா, பேட்ல படுற வரைக்கும் பாருடா"ன்னு தொண்டை வத்தக் கத்துறேன். "பாத்துட்டுத்தான் சார் ஆடினேன்"ங்கிறான். பாத்தவனுக்கு எப்படி ஸ்டம்ப் பறக்குது?

பழைய மாணவர் ஒருத்தர் பள்ளிக்கு ஏதாவது வாங்கித் தர்றேன்னு பணம் ஒதுக்கியிருக்கார். ஒரு விற்பனைக்காரர் வந்து லைட் பலகை ஒண்ணு காட்டினார். சுவத்துல மாட்டுறது. எங்கெங்கயோ விளக்கு எரியும், எரியிற பொத்தானைப் பட்டுபட்டுன்னு தட்டணும், நிமிஷத்துக்கு எத்தனைன்னு அதுவே கணக்குச் சொல்லும். கண்-கை ஒருங்கிணைப்பு கூடும், ரிஃப்ளெக்ஸ், அதாவது சட்டுன்னு செயல்படுற வேகம் கூடும்னு சொல்றார். பசங்க அதை விட்டு நகர மாட்டேங்கிறாங்க. அதே பணத்துக்குப் புது மேட்டும் (பிட்ச் மேல விரிக்கிற பாய்) வாங்கலாம். இப்ப இருக்கிற தேங்காய்நார் மேட்டு நடுவுல பிஞ்சு, கீழே தரை மேடும் பள்ளமுமா இருக்கு.

இதோட இன்னொரு தலைவலி. பத்தாவது படிக்கிற ஒருத்தன் அறிவியல் கண்காட்சிக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கிற ரோபோ கை செய்யப் போறானாம். கையும் வாங்கிட்டான், கேமராவும் வாங்கிட்டான். கை எங்கயோ போகுது, இலை எங்கயோ இருக்கு. என்கிட்ட வந்து கேக்குறான், நான் யாரைக் கேக்க?

தெரிஞ்சவங்க சொல்லுங்க.


கோவைக்காரன்77:

வாங்குங்க சார், யோசிக்காதீங்க. என் பொண்ணு டேபிள் டென்னிஸ் போற இடத்துல ஒண்ணு இருக்கு. ரெண்டு மாசத்துல அவ ஸ்கோர் ரெண்டு மடங்காயிடுச்சு. உங்க பசங்க இங்க வந்து தடுமாறுறதுக்கு வேற காரணம் இருக்குன்னு நினைக்கிறேன். மலையில காத்து லேசு, பந்து வேகமா வரும். அதுக்குப் பழகினவன் இங்க வந்தா சீக்கிரமே பேட்டைச் சுத்திடுவான்.


கண்ணும்கையும்:

வணக்கம் சார். நான் கோத்தகிரிப் பொண்ணுதான். இப்போ வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒண்ணுல இதே கண்-கை ஒருங்கிணைப்புலதான் ஆராய்ச்சி. வாரத்துல பாதி நாள் விளையாட்டுக்காரங்க முகத்துல கேமரா வச்ச கண்ணாடியை மாட்டி அவங்க கண்மணி எங்க போகுதுன்னு பாக்கிறது, மீதி நாள் ரோபோ கையோட மல்லுக்கட்டுறது. லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கேன், வெளியில மூடுபனி, கரண்ட்டும் இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

மேட் வாங்குங்க. பலகை வேண்டாம்.

கோவைக்கார அண்ணா சொல்றது பொய்யில்ல. ரெண்டு மாசம் பலகையைத் தட்டினா ஸ்கோர் கூடும். பலகை தட்டுறதுல கூடும். அந்தத் திறமை பேட்டுக்கு இறங்குதான்னுதான் கேக்கணும். இந்த மாதிரிப் பொதுவான கண் பயிற்சிகளை ஆஸ்திரேலியாவுல ப்ரூஸ் அபர்நெத்தியும் ஜோஆன் வுட்டும் சோதிச்சு 2001-ல எழுதினாங்க. பயிற்சி எடுத்தவங்களுக்கும் எடுக்காதவங்களுக்கும் ஆட்டத்துல வித்தியாசம் தெரியல. அதே சோதனையைத் திரும்பச் செய்யும்போது பழக்கத்தால வர்ற முன்னேற்றம்தான் தெரிஞ்சுது. விக்கிறவங்க அந்த முன்னேற்றத்தைத்தான் கிராஃப் போட்டுக் காட்டுவாங்க.

ரிஃப்ளெக்ஸ்னு ஒண்ணு தனியா இருக்கு, அது உள்ளவன் நல்லா ஆடுவான்ங்கிற நம்பிக்கையே ஆட்டம் கண்டு ரொம்ப நாளாச்சு. 1987-ல பீட்டர் மெக்லியோட்னு ஆக்ஸ்ஃபோர்ட் ஆள் ஒருத்தர் ஒரு சோதனை செஞ்சார். உங்க மைதானத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். மேட்டுக்கு அடியில அரை வட்டக் கட்டைகளை அங்கங்க போட்டுட்டார். பந்து குத்தினா இடமா வலமான்னு யாருக்கும் தெரியாது. சர்வதேச அளவுல ஆடினவங்களை நிக்க வச்சார். குத்தினதுக்கு அப்புறம் பந்து திசை மாறினதைப் பார்த்து பேட்டை மாத்த அவங்களுக்கும் கிட்டத்தட்ட 200 மில்லி விநாடி ஆச்சு. சாதாரண ஆளுக்கு ஆகிற அதே நேரம். உங்க பையன் எதிர்கொள்ற பந்து 90 கிலோமீட்டர் வேகம்னு வச்சுக்கோங்க. 200 மில்லி விநாடியில அது 5 மீட்டர் வந்துடும். அஞ்சு மீட்டருக்குள்ள குத்துற பந்து கல்லுல பட்டுத் திரும்பினா அவனாலயும் முடியாது, யாராலயும் முடியாது. போல்டு ஆன பையனைத் திட்டாதீங்க சார், தரையைத் திட்டுங்க.

அப்ப நல்ல பேட்ஸ்மேன்கிட்ட வேறென்ன இருக்கு? அதுக்குப் பதில் 2000-ல வந்துச்சு. இதே மெக்லியோடும், பிராணிகளோட கண்ணைப் பத்தி ஆராய்ச்சி செஞ்ச மைக்கேல் லேண்டும் சேர்ந்து பேட்ஸ்மேன் தலையில கேமரா மாட்டினாங்க. பவுலிங் மெஷின் பந்து போட்டுச்சு. பந்து வெளியே வர்ற இடத்தை கண் பாக்குது. அப்புறம் பந்தை விட்டுட்டு, அது குத்தப்போற இடத்துக்கு முன்கூட்டியே தாவிடுது. அங்க போய்க் காத்திருக்கு. பந்து வந்து குத்தினதும் இன்னொரு 200 மில்லி விநாடி பின்தொடருது, அவ்வளவுதான். நம்ம ஊர்ல பஸ் கிளம்பிட்டா யாரும் ரோட்டுல துரத்த மாட்டோமே, குறுக்குப் பாதையில எறங்கி அடுத்த வளைவுல நிப்போம், அதேதான். ஆட்டம் தெரிஞ்சவன் கண் சீக்கிரமே தாவிடுது. சுமாரா ஆடுறவன் பந்தைப் பாத்துக்கிட்டே இருந்து லேட்டா தாவுறான். "கடைசி வரைக்கும் பாரு"ங்கிற உங்க பேச்சை அப்படியே கேக்குற பையன் ரெண்டாவது ரகம் ஆகிடுவான், அதுதான் பயம்.

இதுல ஒரு சங்கடத்தையும் சொல்லிடணும். அந்தச் சோதனையில பேட்ஸ்மேன்கள் மூணே பேர். எங்க துறையில பெரிய ஆட்டக்காரங்க கிடைக்கிறது அபூர்வம், கிடைச்சவரை வச்சு எழுதுவோம். 2013-ல டேவிட் மேன் குழு ரொம்ப உயர்ந்த நிலை ஆட்டக்காரங்களை வச்சுப் பாத்தப்ப, அவங்க தலை பந்தோட சேர்ந்தே திரும்புது, கண் இன்னொரு தாவல் தாவி பேட்ல படுற கணத்துலயும் அங்க இருக்குன்னு தெரிஞ்சுது. நடுவுல பந்தை விட்டுட்டுத் தாவுறது ரெண்டுலயும் இருக்கு. ஆக "பேட்ல படுறதைப் பாரு" சரி. "வர்ற வழியெல்லாம் பாரு"தான் ஆகாது. கிட்ட வர வர அது போற வேகத்துக்கு மனுஷக் கண்ணால வழுக்கிக்கிட்டே கூடப் போக முடியாது.

இப்ப கோவையில ஏன் விழறாங்க? இது என் ஊகம். குத்தப்போற இடத்துக்குக் கண் தாவுறது ஒரு கணிப்பு. பந்து அங்கிருந்து எவ்வளவு எழும்பும், எப்ப வந்து சேரும்ங்கிறது அதோட சேர்ந்த இன்னொரு கணிப்பு. உங்க பசங்க ரெண்டையும் படிச்சது ஒரே மேட்டுல. மேட்டுல பந்து எழும்பி, கொஞ்சம் நின்னு வரும். கீழே புல் வெட்டின மண் பிட்ச்சுல தாழ்ந்து வழுக்கிக்கிட்டு வரும். கண் சரியான இடத்துக்குத்தான் போகுது, கைக்குப் போற கணக்குதான் கோத்தகிரிக் கணக்கு. காத்து லேசுங்கிறதும் உண்மைதான், ஆனா பதினெட்டு மீட்டர் தூரத்துல அதனால வர்ற வித்தியாசம் சில மில்லி விநாடி. அதுக்காக யாரும் போல்டு ஆக மாட்டாங்க அண்ணா.

நம்ம இந்திய கேப்டனா இருந்த பட்டோடியை நினைச்சுக்கோங்க. 1961-ல இங்கிலாந்துல கார் விபத்துல வலது கண் பார்வை போச்சு. அடுத்த ஜனவரியில, 1962-ல, நம்ம மெட்ராஸ் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துல இங்கிலாந்துக்கு எதிரா 103 அடிச்சார். 1964-ல டெல்லியில 203 நாட் அவுட். எந்த லைட் பலகையில அவரை நிறுத்தினாலும் ஒரு பக்கம் எரியிற விளக்கு தெரியாமத்தான் திணறியிருப்பார். ஆஸ்திரேலியாவோட பெரிய பேட்ஸ்மேன் பிராட்மேன் சின்ன வயசுல தண்ணித் தொட்டிக்குக் கீழே இருந்த செங்கல் சுவத்துல கோல்ஃப் பந்தை வீசி, திரும்பி வர்றதை ஸ்டம்ப்பால அடிச்சுப் பழகினது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. இரண்டாம் உலகப் போர்ல ராணுவத்துல அவர் கண்ணைச் சோதிச்சப்ப பார்வை குறைவுன்னுதான் வந்துச்சு.

செலவில்லாம செய்யக்கூடியது ரெண்டு. பவுலரோட கைக்குப் பின்னாடி என்ன தெரியுதுன்னு பேட்ஸ்மேன் நிக்கிற இடத்துல நீங்களே ஒரு தடவை நின்னு பாருங்க. நம்ம பக்கத்து மைதானம்னா பின்னாடி சில்வர் ஓக் வரிசை, கரும்பச்சை, மூணு மணிக்கு மேல மஞ்சு, அதான் மூடுபனி. சிவப்புப் பந்து அதுல கரைஞ்சு போயிடும். முதல் கணத்துல பந்து தெரியலைன்னா தாவ வேண்டிய இடத்தை எதை வச்சுக் கணிக்கிறது? மேட்டு வாங்கின பணத்துல மீதி இருந்தா வெள்ளைத் துணி வாங்கி ரெண்டு கம்புல கட்டுங்க. மஞ்சு இறங்கினா லெதர் பந்தை உள்ள வச்சுடுங்க, இதுல பேச்சே இல்ல. ரெண்டாவது, போன்ல பவுலரை வீடியோ எடுத்து, கையை விட்டுப் பந்து கிளம்புற இடத்துல நிறுத்தி, "எங்க குத்தும்?"னு பசங்களைக் கேளுங்க. பெரிய ஆட்டக்காரங்க பந்து கிளம்புறதுக்கு முன்னாடியே பவுலரோட கையிலயும் மணிக்கட்டுலயும் இருந்து பாதி விஷயத்தை எடுத்துடுறாங்கன்னு இப்படி நிறுத்தி நிறுத்திக் காட்டித்தான் கண்டுபிடிச்சாங்க.

ரோபோவுக்குத் தனியா எழுதுறேன். அம்மா கூப்பிடுறாங்க.


கொழுந்து_மேஸ்திரி:

தங்கச்சி எழுதினதப் படிச்சேன். கிரிக்கெட் நமக்குத் தெரியாது. இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பின சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் எங்க அப்பா கண்டிப் பக்கத்துல இருந்து இங்க வந்தாங்க. அங்கயும் தேயிலை, இங்கயும் தேயிலை. நான் மேஸ்திரியா இருந்து ஓய்வு பெற்றவன். ஒண்ணு கவனிச்சிருக்கேன். புதுசா வர்ற புள்ளை கையைப் பாத்துக்கிட்டே பறிக்கும். பழகின பொம்பளைக கையைப் பாக்கவே மாட்டாங்க. கை இந்தச் செடியில ரெண்டு இலை ஒரு மொட்டைக் கிள்ளிக்கிட்டு இருக்கும், கண்ணு அடுத்த கொழுந்து எங்க நிக்குதுன்னு போயிருக்கும், வாய் பக்கத்து வரிசைக்காரியோட வம்பு பேசிக்கிட்டு இருக்கும். சாயங்காலம் எடை போட்டா அவங்க பையிதான் கனக்கும். செடி மேல மட்டக் கம்பு வச்சுப் பாத்தா மட்டமும் தப்பியிருக்காது. நீ சொல்ற அந்தத் தாவுறது இதுதானா?


அரவங்காடு_அம்மா:

நடுவுல புகுறதுக்கு மன்னிக்கணும். என் பொண்ணு பேஸ்கட்பால் ஆடுறா. ஃப்ரீ த்ரோ போடும்போது வளையத்தைப் பாக்கணுமா, பந்தைப் பாக்கணுமா? அவங்க கோச் ஒண்ணு சொல்றார், வீட்டுக்காரர் ஒண்ணு சொல்றார், ரெண்டு பேருக்கும் நடுவுல புள்ள முழிக்குது.


கண்ணும்கையும்:

அக்கா, வளையம். போடுறதுக்கு முன்னாடி ஒரே இடத்துல, வளையத்தோட விளிம்புன்னு வச்சுக்கோங்க, கண் அசையாம நிக்கணும். ஜோன் விக்கர்ஸ்ங்கிற கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் 1996-ல இதே ஃப்ரீ த்ரோவைத்தான் எடுத்துக்கிட்டார். நல்லாப் போடுறவங்களோட கடைசிப் பார்வை மத்தவங்களைவிட நீளமா, ஆடாம இருந்துச்சு. அசையாத இலக்குக்கு இது. ஓடி வர்ற பந்துக்கு மேலே சார்கிட்ட சொன்னது. ரெண்டையும் குழப்பிக்கிட்டாத்தான் கோச்சும் வீட்டுக்காரரும் சண்டை போடுவாங்க.

மேஸ்திரி அண்ணே, அதேதான். என் வேலைக்கு எங்க அம்மா இலை எடுக்கிறதைப் பாத்து வளர்ந்ததும் ஒரு காரணம்னு எனக்கே ஒரு நினைப்பு. மேலே சொன்ன மைக்கேல் லேண்ட், அந்தக் கிரிக்கெட் சோதனைக்கு முன்னாடி, 1999-ல, என்ன செஞ்சார் தெரியுமா? ஆளுங்களை டீ போடச் சொல்லிக் கண்ணைப் படம் பிடிச்சார். கெட்டில், மூடி, குழாய், கப்புன்னு கண் ஒவ்வொண்ணாப் போகுது, கை சுமார் அரை விநாடி பின்னாடி போகுது. அந்த வேலைக்குத் தேவையில்லாத பொருள் மேல கண் போகவே இல்லைன்னு சொல்லலாம். ஸ்வீடன்ல ரோலண்ட் யோஹான்சன் குழு 2001-ல இன்னும் நெருங்கிப் பாத்தாங்க. ஒரு கட்டையை எடுத்து, குறுக்கே இருக்கிற தடையைத் தாண்டிக் கொண்டுபோய் ஒரு பொத்தானைத் தொடணும். கண் பிடிக்கப்போற இடத்துக்குப் போகுது, தடையோட முனைக்குப் போகுது, பொத்தானுக்குப் போகுது. தன் கையை மட்டும் பாக்கவே இல்ல. விரல் பட்டவுடனே, மீதியை விரல் பாத்துக்கும்னு கண் கிளம்பிடுது. நீங்க வரிசையில நின்னு பாத்ததைத்தான் அவங்க ஆய்வுக்கூடத்துல பாத்தாங்க.

இப்ப சார் பையனோட ரோபோ. அதுக்கு அந்த விரல் இல்ல, தொல்லையே அங்கதான். கிள்ளும்போது இலை வழுக்குதா, தண்டு இளசா முத்தலான்னு அம்மா கைக்குத் தெரியும். அவன் வாங்கின கைக்குத் திறக்கவும் மூடவும்தான் தெரியும். அதனால கேமராவே எல்லாத்தையும் சுமக்கணும்.

கை எங்கயோ போகுதுன்னா பெரும்பாலும் கேமராவுக்கும் கைக்கும் நடுவுல அளவு எடுக்காம விட்டிருப்பான். கேமரா தன் கண்ணுக்குத் தெரியிற இடத்தைத்தான் சொல்லும். அது கையோட அடித்தளத்துல இருந்து எங்கன்னு மாத்திச் சொல்ல, கேமரா கையில எந்த இடத்துல எந்தச் சாய்வுல உக்காந்திருக்குன்னு தெரியணும். செஸ் பலகை மாதிரிக் கட்டம் போட்ட தாளை அசையாம ஒட்டி வச்சு, கையை வேற வேற நிலைக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்து இதைக் கணக்குப் போடுவாங்க. சாய்வும் ஒவ்வொரு தடவையும் மாறணும், ஒரே திசையில நகர்த்தினா கணக்கு வராது. ட்சாய், லென்ஸ்னு ரெண்டு பேர் 1989-ல எழுதின முறை, இன்னைக்கும் பாடத்துல இருக்கு. ஓப்பன்சிவிங்கிற இலவச மென்பொருள்ல தயாரா கிடைக்கும், "ஹேண்ட்-ஐ கேலிப்ரேஷன்"னு தேடச் சொல்லுங்க.

அதுவும் சரிப்படலைன்னா அளவே வேண்டாம்னு ஒரு வழி இருக்கு. கேமராவை மணிக்கட்டுலயே கட்டிடட்டும். படத்துல கொழுந்து இடப்பக்கம் இருந்தா கையைக் கொஞ்சம் இடப்பக்கம், மேல இருந்தா கொஞ்சம் மேல. நடுவுக்கு வந்ததும் கொஞ்சம் முன்னாடி. மறுபடி பாரு. மெதுவாத்தான் போகும், ஆனா போய்ச் சேரும். கண்காட்சிக்கு வர்றவங்க முன்னாடி மெதுவாப் போய்ச் சரியாத் தொடுறது, வேகமாப் போய்ச் செடியைக் குத்துறதைவிட மேல். மின்விசிறிக்குக் கீழே மேசை போட வேண்டாம். இலை ஆடினா இந்தப் பிள்ளையோட ரோபோவுக்கு மட்டுமில்ல, பெரிய பெரிய ஆய்வுக்கூடத்து ரோபோவுக்கும் ஆட்டம் காணும். பச்சைக்குள்ள பச்சை, ஒண்ணை ஒண்ணு மறைக்கும், காத்துல ஆடும். கொழுந்து பறிக்கிறதை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறது இவ்வளவு சிரமமா இருக்கிறது அதனாலதான்.

வேகம் வேணும்னா என்ன ஆகும்னு ஒரு கணக்கு: விநாடிக்கு 30 படம் எடுக்கிற சாதாரண கேமரா. அதே 90 கிலோமீட்டர் பந்து ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல 83 சென்டிமீட்டர் போயிடும். அதனால டேபிள் டென்னிஸ் ஆடுற ரோபோவெல்லாம் வேகக் கேமரா வச்சாலும், பந்து போன வழியை வச்சு வரப்போற இடத்தைக் கணிச்சுத்தான் கையைக் கிளப்புது. 2024-ல கூகுள் டீப்மைண்ட் ரோபோ மனுஷங்களோட 29 மேட்ச் ஆடி 13 ஜெயிச்சுது. புதுசா ஆடுறவங்களை எல்லாம் ஜெயிச்சுது, தேர்ந்தவங்ககிட்ட ஒண்ணுகூட ஜெயிக்கல. பந்தோட சுழற்சியைச் சரியாக் கணிக்கிறது அதுக்குக் கஷ்டமா இருந்தது. கோவையில உங்க பசங்களுக்கு வர்ற சிக்கலோட இதுக்குச் சொந்தம் உண்டுன்னு எனக்குத் தோணுது சார்.


கோவைக்காரன்77:

சரிங்க, பலகையில ஸ்கோர் ஏறினது பலகையோட போச்சுன்னு சொல்றீங்க. வீட்ல சொன்னா பொண்ணு அழுவா. சும்மா விளையாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்.


கண்ணும்கையும்:

இருக்கட்டும் அண்ணா, தட்டுறதுக்கு ஜாலியா இருக்கும், எனக்கே பிடிக்கும். பள்ளிக்கூடத்துக் காசுல வேண்டாம்னுதான் சொன்னேன்.


மேட்டிங்_வாத்தியார்:

ரொம்ப நன்றி மேடம். பணம் கொடுக்கிறவர்கிட்ட பேசிட்டேன், மேட்டுக்கும் வெள்ளைத் துணிக்கும் சரின்னுட்டார். தரையை முதல்ல சமப்படுத்திட்டுத்தான் விரிப்பேன். ரோபோக்காரன் கேமராவை மணிக்கட்டுல ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கிட்டிருக்கான். ஒரு சந்தேகம். அந்த வீடியோவை எங்க நின்னு எடுக்கணும்? நான் அம்பயர் நிக்கிற பக்கமிருந்து எடுத்தேன், பசங்களுக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் கோவைக்குப் போறதுக்கு முன்னாடி மண் பிட்ச்சுக்கு என்ன வழி?


கண்ணும்கையும்:

மேடம் எல்லாம் வேண்டாம் சார், உங்க ஸ்டூடண்ட் வயசுதான்.

அம்பயர் பக்கம் இல்ல சார், எதிர்ப்பக்கம். பேட்ஸ்மேன் நிக்கிற இடத்துல, அவன் கண் உயரத்துக்கு போனை ஒரு கம்புல கட்டுங்க. கையில பிடிச்சா ஆடும். முன்னாடி வலை கட்டிடுங்க, இல்லைன்னா போன் போயிடும். வேகப் பவுலரை ஓடி வர்றதுல இருந்தே எடுங்க, வெறும் கையை மட்டும் வெட்டிக் காட்டினா பாதி தகவல் போயிடும். நிறுத்துறதும் ஒரே இடத்துல வேண்டாம். ஒண்ணு பந்து கிளம்புறதுக்குச் சற்று முன்னாடி, ஒண்ணு கிளம்பினவுடனே. பையன் வாயால சொல்றதைவிட, தரையில சாக்பீஸால கோடு போட்டு வச்சு எந்தக் கோட்டுல குத்தும்னு கையால காட்டச் சொல்லுங்க. அப்புறம் மீதி வீடியோவை ஓடவிட்டுச் சரியான்னு உடனே காட்டிடணும், நாளைக்குச் சொன்னா பிரயோஜனம் இல்ல. இடக்கைப் பவுலர் ஒருத்தனையும், ஸ்பின் போடுறவன் ஒருத்தனையும் சேர்த்துக்கோங்க.

மண் பிட்ச்சுக்கு, மேட்ச்சுக்கு முந்தின நாளே கீழே இறங்க முடிஞ்சா அந்த மைதானத்துல ஒரு மணி நேரம் அடிக்க விடுங்க. முடியலைன்னா மேட்டை ஒரு பக்கம் சுருட்டிட்டு வெறும் தரையில ரப்பர் பந்து, நனைச்ச டென்னிஸ் பந்துன்னு மாத்தி மாத்திப் போடுங்க. நனைச்ச டென்னிஸ் பந்து தாழ்ந்து வழுக்கும், கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஆரம்பிச்சுடுங்க, அப்புறம் தரை கிடைக்காது.